மச்சானின் பனியனும் துணை இயக்குநரின் மணமும்

பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை பள்ளிக்கு வருவதற்குச் சற்று முன்பே அவருடைய மணம் வந்துவிடும். கேட்டைத் தாண்டி, நடைவழியில் நிதானமாக நடந்து, ஒன்பதாம் வகுப்பை எட்டிப்பார்த்து, அங்கே கதை பேசிக்கொண்டிருப்பவர்களின் வாயை அடைத்துவிட்டு, தன் அறைக்குப் போய் மின்விசிறியின் கீழ் நின்றுகொள்ளும். பிள்ளைகள் மணத்துக்கே எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிடுவதால் பின்னால் வரும் தலைமையாசிரியைக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. ஒருத்தருக்கு எத்தனை தடவை எழுந்திருப்பது என்று பிள்ளைகள் கேட்டது நியாயம்தான் என்று பெற்றோர் சங்கமும் சொல்லிவிட்டது. பல் மருத்துவரின் மணமும் இப்படித்தான். அது அவருக்கு முன்னால் வந்து காத்திருப்போர் கூடத்தில் உட்காரும். உட்கார்ந்ததும் பாதிப் பேருக்குப் பல்வலி விட்டுப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பூசிக்கொள்வது என்று அவர் முடிவு செய்தார். பேருந்தில் ஜன்னலோர இருக்கை காலியாகத் தெரிந்தாலும் அங்கே ஒரு மணம் இருந்தால் யாரும் உட்காரக் கூடாது, அதன் சொந்தக்காரர் அடுத்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று நடத்துநர்கள் சொல்லிவந்தார்கள். இது எங்கும் எழுதிவைத்த விதி அல்ல. அதனால் எல்லோரும் அதைக் கடைப்பிடித்தார்கள்.

இந்த மணங்களையெல்லாம் கலந்து கொடுத்தவர் கடைவீதிக் கோடியில், பூட்டு பழுதுபார்ப்பவருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், உள்ளே போன ஆள் பக்கவாட்டில்தான் திரும்ப முடியும் என்கிற அளவில் ஒரு கடை வைத்திருந்தார். பலகையில் ‘மணச்சிற்பி’ என்று எழுதியிருக்கும். ஊர் அவரைச் சென்ட்டுக்காரர் என்றது. அதற்கு முன்னால் தான் பினாயில் தயாரித்துக்கொண்டிருந்ததை அவர் மறந்துவிட்டார். அவர் மனைவி மறக்கவில்லை, சண்டை வரும்போதெல்லாம் நினைவுபடுத்துவார். தொழிலைப் பற்றிப் பேசும்போது சென்ட்டுக்காரர் கண்களை மூடிக்கொள்வார். மற்ற கடைகளில் விற்பது ஊருக்கெல்லாம் ஒரே சட்டை தைத்துப் போடுகிற வேலை என்றும், தான் செய்வது இன்னாருக்கென்று ஒரு மணம், உலகத்தில் வேறு எவருக்கும் பொருந்தாத மணம் என்றும் சொல்வார். மணத்துக்கு மூன்று அடுக்கு உண்டு என்பது அவர் பாடம். மேல்மணம் எலுமிச்சைத் தோல், புதினா மாதிரி, திறந்ததும் பறக்கும். நடுமணம் பூக்களும் கிராம்பும். அது கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசும். அடிமணம்தான் ஆளை விடாமல் பிடித்துக்கொள்வது. அதைக் கடையில் வாங்க முடியாது. வாடிக்கையாளர் நாலைந்து நாள் உடுத்தித் துவைக்காத ஒரு துணியைக் கொண்டுவர வேண்டும். சென்ட்டுக்காரர் அதைச் சாராயத்தில் ஊறவைத்து, பிழிந்து, வடித்து, அந்தச் சாற்றின் மேல்தான் மற்றதையெல்லாம் கட்டுவார். பிறகு புட்டி ஒரு பருவம் முழுக்க இருட்டு அலமாரியில் கிடக்கும். இப்படிக் கிடந்து வெளிவந்த மணங்கள் ஏன் சொந்தக்காரருக்கு முன்னால் நடந்து போயின என்று யாருக்கும் தெரியாது. முதல் மணம் கடையை விட்டுத் தானாக இறங்கிப் போனபோது சென்ட்டுக்காரரே பயந்து கல்லாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மறுநாள் யாரோ விசாரித்தபோது, அப்படி நடக்க வேண்டும் என்றுதான் தான் இத்தனை வருஷமாகப் பாடுபட்டதாகக் கண்களை மூடிக்கொண்டு சொன்னார்.

எடை அளவுத் துறையின் துணை இயக்குநர் அந்தக் கடைக்குள் முதலில் நுழைந்தது தராசைச் சோதிக்க. கடைவீதியில் எல்லாத் தராசுகளுக்கும் படிக்கற்களுக்கும் முத்திரை வைப்பது அவருடைய துறையின் வேலை. அந்த வேலையைச் செய்ய ஆட்கள் இருந்தாலும், தான் நேரில் போய் நின்றால் வியாபாரிகள் முகம் வெளுப்பதைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். கொஞ்ச காலமாக யாருக்கும் வெளுக்கவில்லை. உருளைக்கிழங்குக் கடைக்காரர் போன வாரம் அவரை வாடிக்கையாளர் என்று நினைத்து, கையில் ஒரு கிழங்கைக் கொடுத்து, அமுக்கிப் பாருங்கள் என்றிருந்தார். துணை இயக்குநர் பல வருஷமாகத் துணை இயக்குநராகவே இருந்தார். அலுவலகத்தில் இயக்குநரின் நாற்காலிக்கு மட்டும்தான் கை உண்டு. துணை இயக்குநரின் நாற்காலி கையில்லாதது. கூட்டங்களில் தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி உட்கார்ந்திருப்பார். இயக்குநர் ஓய்வு பெறப்போகிறார், தேர்வுக் குழு வரப்போகிறது, இந்த முறை தவறினால் அந்தக் கையில்லாத நாற்காலியிலிருந்து நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை. அவருக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றுதான்: தான் வருவதற்கு முன்னால் மற்றவர்கள் எழுந்து நிற்க வேண்டும். தலைமையாசிரியையின் மணம் தெருவைக் கடக்கும்போது போக்குவரத்துக் காவலர் கை காட்டி லாரியை நிறுத்தியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

தராசைச் சோதித்து முடித்ததும் அவர் தனக்கும் ஒரு மணம் வேண்டும் என்றார். அதில் என்னென்ன வேண்டும் என்று சென்ட்டுக்காரர் கேட்டார். துணை இயக்குநர் தேக்கு மேஜை வேண்டும் என்றார். புதுத் தோல், அரக்கு முத்திரை, இஸ்திரி சூடு ஆறாத வெள்ளைச் சட்டை, புதுக் காரின் உட்புறம், முடிந்தால் தூரத்தில் இடி இடிப்பது. சென்ட்டுக்காரர் இடிக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, அதைக் கருகிய தேவதாருக் கட்டையால் சமாளித்துக்கொள்ளலாம் என்றார். எல்லாம் முடிந்த பிறகு துணியைப் பற்றிச் சொன்னார்.

“பனியனா?” என்றார் துணை இயக்குநர்.

“ஆமாங்க சார். நாலஞ்சு நாள் போட்டதா இருக்கணும். துவைச்சுடாதீங்க.”

“எனக்கு வேர்க்காது.”

“வேர்க்காதவங்களுக்கும் பனியன்ல இருக்கும் சார்” என்று சென்ட்டுக்காரர் ஆறுதலாகச் சொன்னார்.

அன்று மாலை துணை இயக்குநர் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தன் பனியனை முதன்முறையாக முகர்ந்து பார்த்தார். முதுகுவலித் தைலம், முகச்சவர சோப்பு, மேலதிகாரி அறைக்குள் போகுமுன் வாயில் போட்டுக்கொள்ளும் இருமல் மிட்டாய், அதற்கெல்லாம் அடியில் எதையோ மறந்துவிட்டு வந்துவிட்டோமோ என்கிற லேசான பயம், இவ்வளவுதான் இருந்தது. அவர் மனம் புண்பட்டார். இதன் மேலே தேக்கையும் இடியையும் ஏற்றினால் தாங்குமா என்று யோசித்தார். முன்பின் தெரியாத யாரோ ஒருவன் இதை முகர்ந்து பார்க்கப்போகிறான் என்ற நினைப்பும் அவரைக் கூசவைத்தது. பிறகு பெரிய பதவிகளுக்குத் தகுதியான ஒரு யோசனை அவருக்கு வந்தது. அடிமணம் என்பது வெறும் மூலப்பொருள். வீடு கட்டும் சிமெண்ட் எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன, வீடு நம் பெயரில்தானே இருக்கப்போகிறது.

மொட்டைமாடி அறையில் அவருடைய மனைவியின் தம்பி இருந்தான். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுவதற்காக நாலு நாள் தங்கிப் போகலாம் என்று வந்தவன். வந்து பல வருஷம் ஆயிற்று. அவனிடம் கெட்ட பழக்கம் என்று ஒன்றும் கிடையாது. கெட்ட பழக்கம் வைத்துக்கொள்ள எழுந்து வெளியே போக வேண்டும். உலகத்தில் எதையும் அவன் அவசரப்படுத்தியதில்லை. சாப்பிட வருகிறாயா என்றாலும், வேலைக்கு மனுப் போட்டாயா என்றாலும், மழை வருகிறது துணியை எடு என்றாலும் “அப்புறம் பாக்கலாம்” என்பான்; தூக்கத்தில் கேட்டாலும் அதே பதில் வரும். அவனுடைய பனியன் ஆணியில் தொங்கியது. துவைக்காமல் எத்தனை நாள் ஆகியிருந்தது என்பதைக் கேட்காமல் விடுவது நல்லது. துணை இயக்குநர் அதை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, முடிச்சின் மேல் தன் அலுவலக வழக்கப்படி அரக்கும் வைத்து, சென்ட்டுக்காரரிடம் கொடுத்தார். சென்ட்டுக்காரர் பிரித்து இரண்டு தடவை முகர்ந்து பார்த்தார். பிறகு, சாரைப் பார்த்தால் இவ்வளவு நிம்மதியான மனிதர் என்று சொல்ல முடியாது என்றார். துணை இயக்குநர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பருவம் முடிந்து புட்டி வந்தது. முதல் நாள் காலை துணை இயக்குநர் குளித்து, சட்டை மாட்டி, கழுத்தின் இரு பக்கமும் பூசிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். அறை தேக்கானது. தூரத்தில் இடித்தது. மணம் அவருடைய தோளிலிருந்து இறங்கி, கண்ணாடிக்கும் அவருக்கும் நடுவில் நின்று, அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கதவைத் தாண்டி, மாடிப்படி ஏறிப் போய்விட்டது. முன்னால் போகிற மணம் வாசல் வழியாகத்தானே போக வேண்டும், இது ஏன் மேலே போகிறது என்று அவருக்குப் புரியவில்லை. காற்றோட்டத்தைப் பார்த்துவிட்டு வரும் என்று நினைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அலுவலகத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காததுகூடப் பெரிதல்ல, வாசல் காவலாளி அவரைப் பார்த்து, யாரைப் பார்க்கணும் என்று கேட்டான். வீட்டில் அதே நேரம் அவருடைய மனைவி மாடி அறையைப் பெருக்கப் போனவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றினார், துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், தூங்கிக்கொண்டிருந்த தம்பிக்கு முன்னால் தான் ஏன் இப்படி ஒதுங்கி நிற்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார், பிறகு கீழே போய்த் தட்டில் வைத்துக் காபி கொண்டுவந்தார். இதுநாள்வரை அவனுக்குக் காபி வேண்டுமென்றால் அவனே இறங்கி வர வேண்டும். மாலையில் துணை இயக்குநரை இறக்கிவிட வந்த ஓட்டுநர், மாடிப்படியில் இறங்கிவந்த மைத்துனனைக் கண்டதும் ஓடிப்போய் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். துணை இயக்குநர் முன்கதவைத் தானே திறந்து இறங்கினார்.

துணை இயக்குநர் மறுநாள் இரண்டு மடங்கு பூசிக்கொண்டார். அது இரண்டு மடங்கு வேகமாக மாடி ஏறியது. ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டுப் பூசிக்கொண்டார். அது சாவித்துவாரம் வழியாகப் போனது. கடைசியில் ஆத்திரத்தில் பாதிப் புட்டியைத் தெருச் சாக்கடையில் கொட்டினார். அன்று முழுக்க அந்தத் தெருவில் சாக்கடைக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் இல்லை. கடந்து போனவர்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார்கள். நகரசபை உறுப்பினர் ஒருவர் அதன் பக்கம் திரும்பி, தெருவிளக்கு விஷயத்தைத் தான் மறக்கவில்லை என்று தெரிவித்தார். இருட்டுவதற்குள் மணம் குழாய் வழியாக ஏறி மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. மிச்சப் புட்டியை எடுத்துக்கொண்டு அவர் சென்ட்டுக்காரரிடம் ஓடினார். சென்ட்டுக்காரர் ஒரு காகிதத் துண்டில் சொட்டுவிட்டு முகர்ந்தார், பிறகு துணை இயக்குநரின் காலரை முகர்ந்தார், பிறகு கண்களைத் திறந்துகொண்டு பேசினார். அவர் கண்ணைத் திறந்துகொண்டு பேசினால் விஷயம் மோசம் என்று அர்த்தம்.

“இது நீங்க இல்லையே சார்.”

துணை இயக்குநர் உண்மையைச் சொன்னார். சிமெண்ட் உவமையையும் சொன்னார். சென்ட்டுக்காரர் கேட்டுவிட்டு, அடிமணம் சிமெண்ட் அல்ல, அது வீட்டுக்காரன் என்றார். கலந்ததைப் பிரிக்க முடியாது. புதிதாகக் கலக்கலாம், ஆனால் ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். தேர்வுக் குழுவோ அடுத்த வாரமே வருகிறது.

ஆக, மணம் வேண்டுமென்றால் மச்சானையும் கூட்டிக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை. துணை இயக்குநர் இதைப் பற்றித் தன் மனைவியிடம் பேசினார். அந்த அம்மாள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், கேட்க வேண்டியவன் மாடியில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். ‘டேய்’ என்றும் ‘உன் தம்பி’ என்றும் ‘மாடியில இருக்கிற அது’ என்றும் அதுவரை அழைத்துவந்தவனைப் பார்க்க அவர் படியேறினார். ஏறும்போதே தன் கை சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதைக் கவனித்தார். உள்ளே நுழைந்ததும் உட்காராமல் நின்றார். அது மணத்தின் வேலை என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் நின்றார்.

“மச்சான், ஒரு சின்ன உதவி.”

மைத்துனன் எழுந்து உட்கார்ந்தான். “என்ன அத்தான், உடம்பு ஏதும் சரியில்லையா?”

“நாளன்னைக்கு என்கூட ஆபீசுக்கு வரணும். தேர்வு நடக்கிற ரூமுக்கு வெளியில ஒரு பெஞ்சு கிடக்கு. அதுல உக்காந்திருந்தாப் போதும்.”

“உக்காரணுமா?”

“படுத்துக்கிட்டாலும் சரி.”

மைத்துனன் யோசித்தான். “பெஞ்சுக்கு முதுகு இருக்கா அத்தான்?”

“இருக்கு.”

“அப்ப சரி. ஆனா காலைல எழுப்பறப்ப தண்ணி தெளிக்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடணும்.”

துணை இயக்குநருக்கு அவன் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. கீழே போய் மனைவியிடம் கேட்டுக்கொண்டார்.

தேர்வு நாள் எல்லாம் கணக்குப்படியே தொடங்கியது. பெஞ்சு தேர்வறையின் பக்கக் கதவை ஒட்டிக் கிடந்தது; அந்தக் கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி. முன்கதவு வராந்தா மூலையைத் திரும்பினால்தான் தெரியும். மணம் அந்த இடைவெளி வழியாக உள்ளே போய்க் குழுவினரின் மூக்கில் தேக்கையும் அரக்கையும் நிரப்ப வேண்டும், அந்த நேரம் துணை இயக்குநர் உள்ளே நுழைய வேண்டும், அதுதான் ஏற்பாடு. மைத்துனன் பெஞ்சில் படுத்த வேகத்தில் தூங்கிவிட்டான். மணம் உள்ளே போனது. துணை இயக்குநர் கதவைத் தட்டுவதற்கு முன்னால் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று வராந்தாவின் கோடிக்குப் போனார்; இருமல் மிட்டாயும் ஒன்று போட்டுக்கொண்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் குழுவினர் மூன்று பேரும் உள்ளே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். தலைவர், ஓய்வுபெறப்போகும் இயக்குநர், வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர். இவ்வளவு பெரிய மனிதரை வெளியே காக்கவைத்துவிட்டோமே என்று தலைவர் பதறினார். மூன்று பேரும் பக்கக் கதவு வழியாக வெளியே வந்து, பெஞ்சுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். எழுப்புவது மரியாதையாக இருக்காது என்று தோன்றியதால் நேர்முகத் தேர்வை அங்கேயே, தாழ்ந்த குரலில் நடத்தினார்கள். பழைய தராசுகளை உடனே பறிமுதல் செய்ய வேண்டுமா, வியாபாரிகளுக்கு அவகாசம் தர வேண்டுமா என்று தலைவர் கேட்டார்.

“அப்புறம் பாக்கலாம்” என்றான் மைத்துனன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு துறையின் கொள்கையை இத்தனை சுருக்கமாகச் சொல்லித் தான் கேட்டதில்லை என்று இயக்குநர் ஒப்புக்கொண்டார். தனக்கே இதைச் சொல்ல ஒரு முழு பதவிக்காலம் தேவைப்பட்டதாம். மேலிடத்திலிருந்து தொலைபேசியில் நெருக்கடி வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று நிபுணர் கேட்டார். மைத்துனன் குறட்டை விட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்று நிபுணர் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் துணை இயக்குநர் முன்கதவைத் தட்டி, பதில் வராததால் மெல்லத் திறந்து, உள்ளே நுழைந்திருந்தார். பின்னுக்குத் தள்ளிய மூன்று காலி நாற்காலிகள் அவரைப் பார்த்தன. பொறுமையைச் சோதிக்கும் புதுமுறைத் தேர்வு இது என்று அவர் புரிந்துகொண்டார். சிறிது நேரம் விறைப்பாக நின்றார். பிறகு முதல் நாற்காலிக்குத் தன் அனுபவத்தைச் சொன்னார், இரண்டாவது நாற்காலி கேட்கக்கூடிய கேள்விக்கு விடை சொன்னார், மூன்றாவது நாற்காலி மடக்கக்கூடும் என்று நினைத்து அதற்கும் முன்கூட்டியே பதில் கொடுத்தார், மூன்றுக்கும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். அவர் நன்றாகவே பேசினார் என்று அறையைத் துடைக்க வந்திருந்த அம்மாள் பிற்பாடு சொன்னார். வராந்தாவில் தலைவர் தூங்குகிறவனின் கையை மெதுவாக எடுத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

மைத்துனன் பதவியை மறுக்காமல் இல்லை. மறுநாள் காபி குடித்துக்கொண்டே அதை அவன் துணை இயக்குநரிடம் சொன்னான்.

“எனக்கு வேணாம், எங்க அத்தானுக்குக் குடுங்கன்னு சொல்லிப் பாத்தேன் அத்தான். பணிவுன்னு நெனச்சுட்டாங்க.”

அடுத்து வந்த வருஷங்கள் எடை அளவுத் துறையின் பொற்காலம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். புதிய இயக்குநர் காலையில் போய்ப் படுப்பார், மாலையில் எழுந்து வருவார். மணம் அவர் தூங்கும் நேரத்தில் கடைவீதியைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவரும்; அது தெருமுனையில் திரும்புவது தெரிந்ததுமே வியாபாரிகள் தாங்களாகவே படிக்கற்களைச் சரிபார்த்துக்கொண்டார்கள். உருளைக்கிழங்குக் கடைக்காரர் நிறைய நாள் யோசித்து, தட்டின் அடியில் ஒட்டியிருந்த காந்தத்தைத் தானே கழற்றிப் போட்டார். புகார்கள் அப்புறம் பார்க்கலாம் என்று வைக்கப்பட்டு, பெரும்பாலானவை பார்க்கப்படாமலே தீர்ந்தன. அலுவலக வேலைகளைத் துணை இயக்குநர் செய்தார். அவற்றை எப்போதும் அவர்தான் செய்துவந்தார். வந்த முதல் வாரமே இயக்குநர் கைவைத்த நாற்காலியில் படுக்க முடியவில்லை, கை விலாவில் குத்துகிறது என்று அதை வெளியே போடச் சொல்லி, வராந்தா பெஞ்சை உள்ளே போட்டுக்கொண்டார். நாற்காலியை என்ன செய்வது என்று கேட்டபோது, அத்தானுக்குக் கொடுத்துவிடுங்கள், அவருக்குத்தான் ரொம்ப நாளாகக் கை வைக்க இடமில்லை என்றார். அப்படித்தான் துணை இயக்குநர் அதில் உட்கார்ந்தார். அதன் கைகள் உயரமானவை, அவருடைய மேஜைக்கு அடியில் நுழையவில்லை. அதனால் அவர் மேஜையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, கோப்பை எடுக்க ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றார்.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் சத்தமில்லாமல் வரவும் போகவும் தொடங்கினார். தன் பனியனை முகர்ந்த நாளிலிருந்தே அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு வெட்கம் இருந்தது. இப்போது தைலத்தை விட்டார், இருமல் மிட்டாயை விட்டார், முகச்சவர சோப்பை வாசனையில்லாததாக மாற்றினார், காலையும் மாலையும் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். தேய்க்கத் தேய்க்க ஆளே வெளுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். மனைவி விளக்கைப் போட வந்து, திடுக்கிட்டு, எப்போது வந்தீர்கள் என்பார். பக்கத்து வீட்டுப் பூனை ஒரு தடவை அவர் இருப்பது தெரியாமல் அவர் மடியில் ஏறித் தூங்கிவிட்டுப் போனது. இன்னொரு நாள் அவரை உள்ளே வைத்தே வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்காளும் தம்பியும் கடைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் அவர் இருட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். தன்னைக் கூப்பிட்டார்கள், தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தாராம். அவருடைய மனைவி அன்று சாப்பிடவில்லை.

அடுத்த நாள் அந்த அம்மாள் பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினார். கணவர் தைலத்தை விடுவதற்கு முந்தைய பனியன் ஒன்று, கிழிந்ததால் துவைக்காமலே தையல் இயந்திரத்தைத் துடைக்க எடுத்துவைத்து, துடைக்காமலே மறந்துபோனது, அடியில் கிடந்தது. அதைக் காகிதத்தில்கூடச் சுற்றாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு கடைவீதி வழியாக நடந்துபோய்ச் சென்ட்டுக்காரர் முன்னால் வைத்தார். சென்ட்டுக்காரர் முகர்ந்து பார்த்தார்.

“தைலம், சோப்பு, இருமல் மிட்டாய். கொஞ்சம் பயம் இருக்கு. இதுக்கு மேல தேக்கு ஏத்தினா நிக்காதும்மா. என்ன சேக்கறது?”

“ஒண்ணும் சேக்காதீங்க. இதையே வடிச்சுக் குடுங்க.”

“மணம்னா மூணு அடுக்கு வேணும். அடிமணம் மட்டும் இருந்தா அது முன்னால போகாது.”

“போக வேணாம். அவரு முன்னால போயி என்ன கண்டாரு?”

“அப்ப இதுல நான் செய்ய என்னம்மா இருக்கு? நான் ஒரு கலைஞன்.”

“புட்டி உங்களோடதுதானே” என்றார் அந்த அம்மாள். “அத நல்லாக் கழுவிட்டுக் குடுங்க. பினாயில் வாடை வரப்போகுது.”

சென்ட்டுக்காரர் புட்டியை எடுத்துக் கழுவினார். ஒரு பருவம் போனது. புட்டி வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் கணவரிடம் ஒன்றும் சொல்லாமல், அவர் அலுவலகம் கிளம்பும்போது காலரைச் சரிசெய்கிற மாதிரி கழுத்தில் ஒரு சொட்டுத் தடவிவிட்டார். சென்ட்டுக்காரர் சொன்னது சரிதான். மணம் முன்னால் போகவில்லை. அவருக்கு நாலடி பின்னால், கோப்பைச் சுமந்து வருகிற பழைய எழுத்தர் போல நடந்து வந்தது. கூட்டம் அதிகமான இடத்தில் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. கடைகளின் தராசுகளைத் துணை இயக்குநர் பார்த்துவிட்டுப் போன பிறகு அது ஒருமுறை பார்த்தது. இதனால் பின்தங்கிப் பின்தங்கி, அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே நுழையும். அதற்காக யாரும் எழுந்திருக்கவில்லை. சும்மா, யாராவது ஒருவர் தலையைத் தூக்கி, சார் வந்துட்டார்போல என்பார். துணை இயக்குநருக்கு எதிரே இத்தனை நேரமாக உட்கார்ந்திருந்தவர், ஆமாம் என்பார். அதன் பிறகு அவரிடம் கையெழுத்துக்குக் கோப்புகள் வரும். தன்னை ஏதோ பின்தொடர்கிறது என்று முதலில் அவர் அடிக்கடி திரும்பிப் பார்த்தார். ஒரு நாள் பாலத்தின் மேல் நின்று, அது வந்து சேரும்வரை காத்திருந்தார். தைலத்தின் வாடை பக்கத்தில் வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்கள். அதன் பிறகு அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் மாலையில் கடைவீதிவரை போய்வருவார். இயக்குநர் இன்னும் மொட்டைமாடி அறையில்தான் இருக்கிறார். அரசாங்க வீட்டில் காற்று சரியில்லை என்று காலி செய்துவிட்டார். இருட்டுகிற நேரத்தில் துணை இயக்குநர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவி, கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். வாசற்கதவு மட்டும் திறந்தே கிடக்கும். கொசு வருகிறது என்று இயக்குநர் ஒருமுறை மாடிப்படியிலிருந்து சத்தம் போட்டார்.

“அத்தான்தான் வந்துட்டாரே அக்கா. கதவச் சாத்தேன்.”

“இருடா, இன்னும் வரணும்” என்று அந்த அம்மாள் உள்ளேயிருந்து சொன்னார். கொஞ்ச நேரத்தில் தைல வாடை தெருமுனை திரும்பி, கேட்டைத் தாண்டி, வாசற்படி ஏறி வந்தது. அந்த அம்மாள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு, தட்டுகளை எடுத்துவைத்தார்.